துப்புவதற்கும் ஒரு சாஸ்திரம்

அடிலெய்டு, தென் ஆஸ்திரேலியா
சித்திரை முதல் நாள்

அன்பும் மதிப்பும் மிகுந்த சித்தப்பா அவர்களுக்கு,

அங்குத் தங்கள் நலத்தையும், சித்தியின் முழங்கால் வலி எந்த மட்டில் இருக்கிறது என்பதையும் அறிய ஆவல். தாங்கள் கத்திரி வெயிலை எதிர்நோக்கி விசிறியும் மோருமாகத் திண்ணையில் அமர்ந்திருக்கும் இந்நாளில், பூமியின் தென்பாதிக்கு வந்து சேர்ந்த குற்றத்துக்காக நாங்கள் கம்பளிச் சட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து உதறிக்கொண்டிருக்கிறோம். இங்கே இது இலையுதிர் காலம். பிப்ரவரியில் தொடங்கிய திராட்சை அறுவடை முடிகிற தறுவாய்.

அறுவடை என்றதும் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். என் புதல்வன் நம் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் ஏற்றிய புகைப்படத்தைக் கண்டு தாங்கள் பெரிதும் விசனமுற்றதாகச் சித்தி தொலைபேசியில் தெரிவித்தார்கள். சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக 1937-ல் மதுவிலக்கு அமலுக்கு வந்த சேலம் ஜில்லாவில் பிறந்து, மதுவிலக்கு அமல் பிரிவிலேயே உத்தியோகம் பார்த்து, கல்வராயன் மலைச் சரிவுகளில் ஊறல் பானைகளைத் தேடித் தேடி உடைத்தே ஓய்வு பெற்ற ஒருவருக்கு, சொந்த அண்ணன் மகன் கருஞ்சிவப்புத் திரவம் கொண்ட கண்ணாடிக் கோப்பையைக் கையில் ஏந்தி, கண்களை மூடி, மூக்கை அதனுள் நுழைத்துக்கொண்டு பரவசமாய் நிற்கும் காட்சி எத்தகைய மனக்கலக்கத்தை விளைவிக்கும் என்பதை நான் உணராதவன் அல்லன். ஆகையால், தாங்கள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும் முன்னரே என் தரப்பு வாக்குமூலத்தைச் சமர்ப்பித்துவிடுவது உசிதம் என்று கருதி இதை எழுதுகிறேன்.

முதலாவது, சம்பவம் நடந்த இடம். இந்நகருக்கு வடகிழக்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட கார்ப் பிரயாணத்தில் இருக்கிறது பரோஸா பள்ளத்தாக்கு. பிரஷ்ய மன்னர் வகுத்த வழிபாட்டு முறையை ஏற்க மனமின்றிச் சைலீஷியாவிலிருந்து கப்பலேறிய லூத்தரன் கிறிஸ்தவர்கள், 1842-ல் பெத்தனி என்ற சிற்றூரை அமைத்து இங்கே குடியேறினார்கள். வழிபாட்டு முறையில் ஒரு மாற்றத்தைச் சகிக்காமல் தாய்நாட்டையே துறக்கும் அளவுக்கு ஆசாரம் மிகுந்த அந்த ஜனங்கள், கோயில் கட்டிய கையோடு திராட்சையும் நட்டார்கள்; இரண்டுக்கும் இடையே யாதொரு விரோதமும் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. 1843-ல் லாங்மைல் என்ற இடத்தில் நட்ட ஷிராஸ் என்னும் திராட்சைக் கொடிகள் இன்னும் உயிரோடிருந்து ஆண்டுதோறும் காய்க்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், வேரை அரித்துத் தின்னும் ஃபிலாக்ஸெரா என்னும் பூச்சி ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களைப் பெரும்பாலும் நிர்மூலமாக்கிற்று. தென் ஆஸ்திரேலியாவுக்குள்ளோ அது இன்றுவரை கால்வைக்கவில்லை. 1899-லேயே அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றிக் காவல் போட்டுவிட்டார்கள். ஆகவே, மூலநாட்டில் மாண்டுபோன முதிய வேர்கள் குடியேறிய நாட்டில் பிழைத்துக்கிடக்கின்றன.

அக்கிழக் கொடிகளுக்கு இவர்கள் செய்யும் மரியாதையைக் கேட்டால் தாங்கள் மனம் மகிழ்வீர்கள். 2009-ல் பரோஸாக்காரர்கள் ஒரு சாசனமே எழுதிவைத்திருக்கிறார்கள். அதன்படி 35 வயது கடந்த கொடி 'முதியது'. 70 கடந்தால் 'பிழைத்தது'. 100 கடந்தால் 'நூற்றாண்டு கண்டது'. 125-ஐயும் தாண்டிவிட்டால் 'மூதாதை' என்று பட்டம். நம் ஊரில் வயது ஏற ஏற மனிதருக்குத் திண்ணையின் ஓரம்தான் கிடைக்கிறது. இங்கே கொடிக்கு விலை ஏறுகிறது. ஆனால் இந்த மரியாதையும் எப்போதும் இருந்ததன்று. 1980-களில் சரக்கு மிகுந்து விலை சரிந்தபோது, இதே கிழக் கொடிகளைப் பிடுங்கியெறிபவர்களுக்கு அரசாங்கமே பணம் கொடுத்தது. அதற்குச் சற்று முன்பு, தாம் வேலை பார்த்த நிறுவனம் குடியானவர்களிடம் திராட்சை வாங்க வேண்டாம் என்று உத்தரவிட்ட சமயம், அவர்களுக்குக் கொடுத்திருந்த வாக்கை மீற மனமில்லாமல், நண்பர்களிடம் மூலதனம் திரட்டித் தாமே ஓர் ஒயின் கூடம் கண்டு அவர்கள் பழத்தை வாங்கிக்கொண்டவர் பீட்டர் லேமன் என்பவர். அவர் பெயரைச் சொன்னால் அந்த வட்டாரத்தில் இன்றும் தொப்பியைக் கழற்றுகிறார்கள்.

இரண்டாவது, கைப்பற்றப்பட்ட திரவத்தின் தன்மை. திராட்சையின் சாறு, கறுப்புப் பழத்தினுடையதேயானாலும், பெரும்பாலும் நிறமற்றதாகத்தான் இருக்கும். சிவப்பு முழுவதும் தோலில் இருக்கிறது. எனவே பழத்தை நசுக்கி, தோலையும் கொட்டையையும் சாற்றோடு சேர்த்தே நாள் கணக்கில் ஊறவிடுகிறார்கள். அந்த ஊறலில் நிறத்தோடு கூட டானின் என்ற துவர்ப்புச் சத்தும் இறங்குகிறது. ஈஸ்ட் என்னும் நுரைமம் சர்க்கரையைத் தின்று சாராயமாக்கிவிட, லிட்டருக்கு 4 கிராமுக்கும் குறைவான இனிப்பே மிஞ்சுகிறது; இதைத்தான் இவர்கள் 'டிரை' என்கிறார்கள். பின்னர் ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் அடைத்துவைத்து மெருகேற்றுகிறார்கள். பரோஸா வெயிலில் பழுத்த ஷிராஸில் நூற்றுக்கு 14, 15 பங்கு சாராயம் இருக்கும். இதை மறைத்து, ஏதோ குல்கந்து என்று தங்களிடம் சாதிக்க நான் முற்படவில்லை. 1844-ல் இந்நகரில் வந்து இறங்கிய டாக்டர் பென்ஃபோல்ட் என்ற ஆங்கில வைத்தியர் தம் நோயாளிகளுக்கு ஒயினையே டானிக்காகக் கொடுத்தார் என்பது சரித்திரம். ஆயினும் அந்த வைத்தியத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும் உத்தேசம் எனக்கு இல்லை.

அந்த வைத்தியர் தொடங்கிய ஒயின் கூடத்தைப் பற்றித் தங்கள் துறைக்கு உகந்த கதை ஒன்று உண்டு. அங்கே ஒயின் சமைப்பவராக இருந்த மாக்ஸ் ஷூபர்ட், பிரான்ஸ் தேசத்துப் போர்தோவுக்குச் சென்று திரும்பி, நெடுங்காலம் தாங்கும் கனமான சிவப்பு ஒயின் ஒன்றை 1951-ல் பரீட்சார்த்தமாகத் தயாரித்தார். சுவைத்தவர்கள் முகம் சுளித்தார்கள். 1957-ல் நிர்வாகம் 'நிறுத்து' என்று உத்தரவிட்டது. அவரோ நிறுத்தவில்லை, மூன்று ஆண்டு அறுவடைகளை மேலிடத்துக்குத் தெரியாமலே சமைத்து நிலவறையில் மறைத்துவைத்தார். நிலவறை, பதுக்கிய பீப்பாய் என்ற சொற்களைக் கண்டதும் தங்கள் கை தானாகவே லத்தியைத் தேடும் என்பதை நான் அறிவேன். ஆனால் முந்தைய ஆண்டுச் சரக்குகள் முதிர்ந்து பக்குவப்பட்டதும் அதே நிர்வாகம் மனம் மாறி, 1960-ல் மீண்டும் தொடங்கச் சொல்லிவிட்டது. 'கிரேஞ்ச்' என்று பெயர் பெற்ற அந்த ஒயின் இன்று புட்டி ஒன்று ஆயிரம் டாலர் அளவில் விற்கிறது. நான் அதைக் கண்ணாடி அலமாரிக்கு வெளியே நின்று தரிசித்ததோடு சரி.

மூன்றாவதும் முக்கியமானதும், நான் அங்கே செய்த காரியம். அதைக் குடித்தல் என்று சொல்வது சட்டப்படி நிற்காது. நான் செய்தது துப்புதல்.

சுவைக் கூடங்களில் நீண்ட மேஜையின்மேல் கோப்பைகளும், மேஜைக்கு ஒன்றாகப் படிக்கமும் வைத்திருக்கிறார்கள். தாத்தாவின் பித்தளைப் படிக்கத்தை நாகரிகக் குறைவென்று பழைய பாத்திரக்காரரிடம் எடைக்குப் போட்ட நம் குடும்பத்தவர், அயல்நாட்டில் கோட்டும் டையும் அணிந்த கனவான்கள் வரிசையில் நின்று அதில் துப்புவதைக் காண வேண்டும். என் மேலதிகாரி என்னை அழைத்துச் சென்றபோது சொன்ன ஒரே புத்திமதி, 'வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வராதே' என்பதுதான். அதன் தாத்பரியம் அங்கே போய்த்தான் விளங்கிற்று. எங்களை உபசரித்த முதியவர், விரல் இடுக்குகளில் திராட்சைக் கறை நிரந்தரமாக ஏறிப்போனவர். அவர் ஒரு மிடறு வாங்கிக் கன்னத்தில் அதக்கினார். உதடுகளைச் சிறிது குவித்துக் காற்றைச் சர்ரென்று உள்ளே இழுத்தார். பின்பு, கை நீட்டினாலும் எட்டாத தூரத்தில் இருந்த படிக்கத்துக்கு, இழை பிசகாத மெல்லிய கோடாக அதைச் செலுத்திவிட்டு, ஒரு துளி கூடத் தாடியில் விழாமல், அவ்வாண்டு மழையைப் பற்றிய தம் வாக்கியத்தைத் தொடர்ந்தார். அத்தகைய துப்பலுக்குப் பல ஆண்டுச் சாதகம் வேண்டும். நாங்கள் படிக்கத்தின் அருகே சென்று, குனிந்து, பணிவோடு துப்பினோம்.

துப்புவதற்கு முன் செய்யவேண்டிய கிரியைகள் வேறு இருக்கின்றன. கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றுவதில்லை. முதலில் அதை வெள்ளைத் துணிக்கு எதிரே சாய்த்து ஓரத்தின் நிறத்தைப் பார்க்க வேண்டும்: ஊதா கலந்திருந்தால் இளையது, செங்கல் நிறம் தட்டியிருந்தால் முதியது. பிறகு சுழற்ற வேண்டும். சுழற்றிவிட்டால் கண்ணாடியின் உட்புறத்தில் ஒயின் கண்ணீர்த் தாரைகள் போல் இறங்கும். அதைக் கண்டு 'ஆகா, உயர்ந்த சரக்கு' என்று தலையாட்டுபவர் உண்டு. உண்மையில் சாராயம் ஆவியாகும்போது பரப்பு இழுவிசை மாறுவதன் விளைவே அது என்று ஜேம்ஸ் தாம்சன் என்பவர் 1855-லேயே விளக்கிவிட்டார். தாரைகள் சாராயத்தின் அளவுக்குச் சாட்சியே தவிர ருசிக்கு அல்ல. அதன் பிறகுதான் மூக்கு. தாங்கள் புகைப்படத்தில் கண்ட கட்டம் இதுதான்.

மூக்கை நுழைத்தவுடன் இவர்கள் வாயிலிருந்து வரும் வருணனைகளைக் கேட்டால் புலவர் பெருமக்கள் நாணுவார்கள். பிளம் பழம் என்பார் ஒருவர். கறுப்புச் சாக்கலேட் என்பார் இன்னொருவர். குதிரைச் சேணத்தின் தோல், சுருட்டுப் பெட்டி, மழையில் நனைந்த கல் என்று ஒவ்வொருவரும் ஏலம் கேட்பதுபோல் ஏற்றிக்கொண்டே போவார்கள். என் முறை வந்தபோது, நான் 'மிளகு' என்றேன். முதியவர் கோப்பையை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அது மரியாதைக்காகச் செய்த உபசாரம் அன்று என்பது பிறகு தெரிந்தது. இந்நகரிலுள்ள ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார், ஷிராஸில் வீசும் மிளகு வாசனைக்கு மூலமான ரொட்டண்டோன் என்ற பொருளை இனங்கண்டு 2008-ல் வெளியிட்டிருக்கிறார்கள். நம் கொல்லிமலை மிளகின் மணத்திலும் இருப்பது அதுவேதான். மிளகில் மிகுதியாகவும் ஒயினில் அணுப்பிரமாணமாகவும் இருக்கிறது. ஒரு கிராமை நூறு கோடிக் கூறாக்கி, அதில் 16 கூறு ஒரு லிட்டர் ஒயினில் கலந்திருந்தால் போதும், மூக்கு கண்டுகொள்ளும். ஆனால் ஐவரில் ஒருவருக்கு, எவ்வளவு கூட்டினாலும் அது புலப்படுவதில்லையாம். என் மேலதிகாரி அந்த ஐந்தாமவர். அன்று முதல் அலுவலகத்தில் என் பேச்சுக்குச் சற்றுக் கூடுதலான கௌரவம் உண்டு.

எதிர்த் தரப்புக்கு உதவக்கூடிய சாட்சியத்தையும் மறைப்பது தர்மமாகாது. போர்தோ சர்வகலாசாலையில் பிரெடெரிக் புரோஷே என்ற ஆராய்ச்சியாளர், ஒயின் சாஸ்திரம் பயிலும் 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயின் ஒன்றையும், அதே ஒயினில் மணமும் ருசியும் இல்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து இன்னொன்றையும் கொடுத்து வருணிக்கச் சொன்னார். இரண்டாவதைச் சிவப்பு ஒயினுக்கே உரிய சொற்களால் அவர்கள் கர்மசிரத்தையோடு வருணித்துவிட்டார்கள். 2001-ல் வெளியான இந்த ஆராய்ச்சியை எங்கள் முதியவரிடம் நான் மெல்லக் கிளப்பியபோது, அவர் சிறிதும் கோபிக்காமல், 'கண்ணை நம்பாதே, நாக்கைக் கேள்' என்று சொல்லிவிட்டு அடுத்த புட்டியைத் திறந்தார்.

நாக்கைக் கேட்டால் அது முதலில் சொல்வது துவர்ப்பைத்தான். கொட்டைப்பாக்கை வெற்றிலை இல்லாமல் தனியே கடித்தவர்களுக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை: நாக்கு வறண்டு, கன்னத்தின் உட்புறம் சுருங்கி, வாய் முழுவதையும் யாரோ உள்ளிருந்து இழுத்துத் தைப்பது போன்ற உணர்ச்சி. டானின் உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொண்டு திரளச் செய்வதால் வாயின் வழுவழுப்புப் போய்விடுவதே இதற்குக் காரணம் என்கிறார்கள். வெறும் வயிற்றில், வெறும் வாயில் இதை ரசிப்பவர் எவரும் உண்டென்று நான் நம்பவில்லை. இனிப்பு இல்லை, குளிர்ச்சி இல்லை. பதினாறு முதல் பதினெட்டு டிகிரி வெப்பத்தில் வைத்துப் பரிமாற வேண்டும் என்கிற நிபந்தனை வேறு. இத்தனை கடுமையான ஒரு பொருளை ஏன் உண்டாக்கினார்கள் என்று வியந்துகொண்டிருக்கும்போதே, அந்த முதியவர் உப்பும் கொழுப்பும் நிறைந்த புகையிட்ட மெட்வுர்ஸ்ட் இறைச்சித் துண்டு ஒன்றை என் தட்டில் வைத்தார். அதைத் தின்றுவிட்டு மறுபடியும் ஒரு மிடறு வாங்கினேன். துவர்ப்பு எங்கோ ஒதுங்கி நின்றது. பழத்தின் ருசி முன்னால் வந்தது. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் டானினைத் தம்பால் ஈர்த்துக்கொள்ள, உப்பு எஞ்சிய கடுமையைத் தணிக்க, டானின் பதிலுக்கு நாக்கில் படிந்த கொழுப்பைக் கழுவிவிடுகிறது. ஆக, இந்த ஒயின் தனியே நின்றால் பாதிப் பண்டம். மறுபாதி சமையலறையிலிருந்து வரவேண்டும். என் வாக்குமூலத்தின் சாரமே இதுதான், சித்தப்பா.

இந்தத் தத்துவத்தை நம் சமையலைக்கொண்டு பரீட்சித்துப் பார்க்கும் சந்தர்ப்பமும் விரைவிலேயே வாய்த்தது. என் மேலதிகாரி ஷிராஸ் புட்டி ஒன்றைக் கையில் ஏந்தியவாறு எங்கள் வீட்டுக்கு விருந்துண்ண வந்தார். தங்கள் மருமகளோ, விருந்தாளிக்குக் குறைவைக்கலாகாது என்று பள்ளிபாளையம் சிக்கன், மீன் குழம்பு, மட்டன் மிளகு வறுவல், ரசம், பாயசம் என்று அடுக்கிவிட்டாள். முதலில் பள்ளிபாளையம். வரமிளகாயைக் கிள்ளிக் கிள்ளிப் போட்ட அந்தக் கோழியை இரண்டு வாய் உண்டுவிட்டு, காரத்தை ஆற்றிக்கொள்ளும் நோக்கத்தோடு அம்மனிதர் ஒயினை வாங்கிக் குடித்தார். மிளகாயின் எரிச்சலை உணரும் அதே நரம்பு வாயில்களைச் சாராயமும் தூண்டுகிறது என்பது சாஸ்திரம். அதன் நிரூபணம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் நிகழ்ந்தது. அவர் முகம் புட்டியின் நிறத்தை அடைந்தது. நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. ஆயினும், 'மிகவும் சுவாரஸ்யமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டே கண்ணீரைத் துடைத்தார். இவர்கள் நாட்டில் 'சுவாரஸ்யம்' என்றால் ஆம்புலன்ஸுக்கு முந்தைய கட்டம். தங்கள் மருமகள் ஒரு டம்ளர் மோரை நீட்டினாள். பாலின் கேசீன் புரதம் காரத்தைக் கழுவிக்கொண்டு போக, அவர் பேச்சுக்குத் திரும்பினார்.

மீன் குழம்போடு குடித்தபோது, ஆணியை வாயில் வைத்தாற்போன்ற ஓர் இரும்பு வாடை எழுந்தது. சிவப்பு ஒயினில் கரைந்துள்ள இரும்பு மீனின் கொழுப்போடு சேர்ந்து செய்யும் கலகம் அது என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். புளி தூக்கலான ரசத்துக்குப் பிறகு அதே ஒயின் சப்பென்று ஆகிவிட்டது. பாயசத்துக்குப் பிறகோ புளிப்பும் கசப்புமாய் நின்றது. இனிப்புக்கு முன் இனிப்பில்லாதவனுக்கு மரியாதை இல்லை. மிளகு வறுவலின் முறை வந்ததும் நிலைமை மாறிற்று. ஆட்டின் கொழுப்பு டானினைச் சாந்தப்படுத்தியது. சட்டியில் வறுபட்ட கொல்லிமலை மிளகின் மணமும் கோப்பையிலிருந்த ஷிராஸின் மணமும், பங்காளிகள் கல்யாண வீட்டில் சந்தித்ததுபோல் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன. மிளகின் மணம் எட்டாத ஐந்தாமவரான என் மேலதிகாரிகூட, எதுவோ பொருந்திவிட்டது என்று ஒப்புக்கொண்டு மூன்றாம் முறை வறுவல் போட்டுக்கொண்டார். ஆகவே சித்தியிடம் சொல்லுங்கள்: கனமான சிவப்பு ஒயினுக்கு வெள்ளாட்டுக் கறி, மிளகு, உப்பு, மிதமான மசாலா, இவையே இலட்சணம், வரமிளகாயும் புளியும் சர்க்கரையும் அதன் ஜன்ம விரோதிகள். சித்தி இதைக் கேட்டு, 'அப்படியானால் நம் வீட்டில் அதற்கு வேலையே இல்லை' என்பார்கள். அது உத்தமமான தீர்ப்புத்தான்.

என் தரப்பு இவ்வளவே. மூக்கால் முகர்ந்ததும், நாக்கால் ஆராய்ந்ததும், படிக்கத்தில் துப்பியதும், விருந்தில் ஒரு கோப்பை அருந்தியதும் உண்மை. அதற்கு மேல் ஒரு சொட்டும் கிடையாது என்பதற்கு, சட்டமே எனக்குச் சாட்சி. இரத்தத்தில் சாராயம் 0.05 விழுக்காட்டை எட்டினால் இங்கே வண்டியைத் தொடக்கூடாது. சாலையோரம் எந்த வளைவில் போலீஸார் குழலை நீட்டி ஊதச் சொல்வார்கள் என்பது தெரியாது. இதன் பயனாக, பரோஸாவுக்குப் புறப்படும் எந்தக் கோஷ்டியிலும் மிகவும் உயர்ந்த ஸ்தானம் குடிக்காதவருக்கே கிடைக்கிறது. அவருக்கு மதியச் சாப்பாடு இலவசம். முன் இருக்கை அவருடையது. பின்னால் அமர்ந்து ஷிராஸைப் பற்றி வாக்குவாதம் செய்பவர்களை அதட்டும் உரிமையும் அவருக்கு உண்டு. என் நண்பர்களுக்குத் தங்கள் மதுவிலக்குச் சேவையைப் பற்றி நான் சொன்னதிலிருந்து, அடுத்த அறுவடைக்குத் தாங்கள் எப்போது வருகிறீர்கள் என்று விசாரிக்காத வாரம் இல்லை. இந்நாட்டிலும் நம்மூரைப் போலவே இடப்பக்கம்தான் வண்டி ஓட்ட வேண்டும். மலைப்பாதையில் ஜீப் ஓட்டிய தங்களுக்கு இது ஒரு பொருட்டன்று. விசாவுக்கு வேண்டிய தாஸ்தாவேஜுகளை நான் அனுப்புகிறேன். தாங்கள் ஓட்டுநர் உரிமத்தை மட்டும் காலாவதியாகாமல் புதுப்பித்து வைத்துக்கொள்ளவும்.

சித்திக்கு எங்கள் அன்பு.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள
அண்ணன் மகன்

பின்குறிப்பு: அந்தப் புகைப்படத்தைக் குழுவிலிருந்து நீக்கச் சொல்லி மகனுக்கு உத்தரவிட்டேன். சாட்சியத்தை அழிப்பது தனிக் குற்றம் என்று அவன் தங்களை மேற்கோள் காட்டி மறுத்துவிட்டான்.